மஞ்சள் பட்டை கட்டிய உள்ளூர்க்காரர்

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன மனைவி, பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை என்றால், அந்த மனிதனை ஊர் என்னென்னவோ பேசும். லைட்டுக்காரரை யாரும் எதுவும் பேசவில்லை. பேசுகிற அளவுக்கு யாருக்கும் அவர் ஞாபகத்தில் இல்லை.

அந்த அம்மாள் ஒன்றும் கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போகலாம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எல்லாம் நியாயமான காரணம்தான். நியாயமான காரணத்தோடு யார் மல்லுக்கு நிற்க முடியும்? தினமும் போன் வரும். "சாப்டீங்களா?" என்பாள். "சாப்டேன்" என்பார். பாதி நாள் அது பொய்.

அன்று காலை வந்த போன் வேறு மாதிரி இருந்தது.

"என்னங்க, இவ மறுபடி முழுகாம இருக்கா. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போயேம்மாங்கறா. எனக்கு டிக்கெட் போடுறதா வேணாமான்னு மாப்பிள்ளை இன்னைக்கே முடிவு பண்ணணுமாம். நான் என்னங்க சொல்லட்டும்? நீங்க வந்துடுன்னா வந்துடுறேன்."

வந்துடு. நாலே எழுத்து. தொண்டை வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் பேரன் பாட்டியைக் கூப்பிட்டுச் சிணுங்கினான். லைட்டுக்காரர் மென்று விழுங்கிவிட்டார்.

"யோசிச்சு சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சரி, சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. சாப்டீங்களா?"

"சாப்டேன்."

அந்த வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் யோசனை சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மாப்பிள்ளை எப்போதோ அனுப்பிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினார்.

ஊரில் அன்று ஆண்டுக் கலைவிழா. எங்கெங்கிருந்தோ பயணிகள் வந்து குவிகிற நாள். நகராட்சியில் தெருவிளக்கு வேலை பார்த்த காலமெல்லாம் விழா நாளன்று லைட்டுக்காரர் கம்பத்தின் மேல்தான் இருப்பார். விழா எப்படி என்று அவரைக் கேட்டால், ஊரில் யார் யாருக்கு வழுக்கை என்று மட்டும் தெளிவாகச் சொல்லுவார். மற்றபடி ஆட்டமும் பாட்டும் எந்தத் திசையில் போகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

பஸ் நிலையத்து வாசலில் ஒரு பெண் மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றுலா வழிகாட்டி. அவளைச் சுற்றி ஒரு கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. தொப்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க! உங்க ஒருத்தருக்காகத்தான் இவ்வளவு நேரமா எல்லாரும் நிக்கிறோம்."

நான் அந்த ஆள் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் தனக்காக ஒரு கூட்டமே காத்து நிற்கிறது என்று கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! அவர் திருதிருவென்று முழிப்பதற்குள் அவள் அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டாள். வரவேண்டிய ஆள் எங்கே தூங்கினாரோ, புண்ணியவான்.

இப்படித்தான் லைட்டுக்காரர் சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். பக்கத்தில் நடந்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள், பெரிய பையும் பெரிய வாயும் உள்ளவர். எடுத்ததுமே, "எந்த ஊர் சார் நீங்க?" என்றார்.

லைட்டுக்காரர் மகள் இருக்கும் ஊரைச் சொல்லிவிட்டார்.

"அம்மாடி, அவ்வளவு தூரத்துல இருந்தா! அங்க எப்படி?"

"குளிருதான். சமையல்கட்டு ஜன்னல்ல பார்த்தா பூங்கா தெரியும். பேரன் ஊஞ்சல்ல ஏறிட்டான்னா எறக்க முடியாது. ராத்திரி அவனுக்கு அவன் பாட்டி பக்கத்துல படுக்கணும்."

போனில் கேட்டதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்போல் சொல்லிக்கொண்டு போனார். எந்த அலமாரியில் பேரனின் சட்டை இருக்கும் என்பதுவரை சொன்னார். அந்த வீட்டுக்கு அவரை ஒருமுறைகூட யாரும் கூப்பிட்டதில்லை. சின்ன வீடாம்.

விழா நன்றாகத்தான் இருந்தது. மேலிருந்து பார்த்தபோது உருண்டையாக நகர்ந்த கூட்டத்துக்கு இப்போது முகங்கள் முளைத்திருந்தன. மேளம் அடித்தவர் விரலில் கட்டுப் போட்டிருந்தார். நடனமாடிய பெண்களில் ஒருத்தி, சிரித்த முகம் மாறாமல், பக்கத்தில் ஆடியவளைப் பல்லைக் கடித்துத் திட்டிக்கொண்டே ஆடினாள். லைட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மதியச் சாப்பாட்டில் வழிகாட்டிப் பெண் ஒவ்வொருவராகப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சார்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வயிறு முட்டச் சாப்பிட்டார்.

ஒரே பயம், தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான். டீக்கடை வாசலில் கூட்டம் நின்றபோது அவருக்கு வியர்த்துவிட்டது. தினமும் அவர் டீ குடிக்கிற கடை அது. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சக்கரை போடலாமா சார்?" என்றார் டீக்கடைக்காரர், நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து. வழக்கமான கண்ணாடி டம்ளர் இல்லை, பயணிகளுக்கான காகிதக் கப். நல்லவேளை என்று மூச்சு விட்டார் லைட்டுக்காரர். இரண்டு வாய் குடித்த பிறகு அது நல்லவேளையாகத் தோன்றவில்லை. தினம் பார்க்கிற முகத்தை ஒரு தொப்பிக்குக் கீழே அடையாளம் தெரியவில்லை என்றால், அந்த ஆள் இத்தனை நாளும் எதைப் பார்த்து டீ கொடுத்தான்?

வெயில் சாயும்போது வழிகாட்டிப் பெண், "இனிமே ஊர்க்காரங்க வாழ்ற பழைய தெரு ஒண்ணைப் பார்க்கப் போறோம்" என்றாள். திரும்பினால், அவருடைய தெரு.

பழையது என்றாளே, அதன் லட்சணம் அவருக்குத்தான் தெரியும். பயணிகள் படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று போன மாதம் நகராட்சி ஆட்கள் வந்து தெரு முழுக்க ஒரே நீலத்தை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாசலில் இருந்த தகரக் கூரையைக் கழற்றினார்கள். சுவரை மறைத்த செடிகொடிகளை வெட்டினார்கள். கதவில் மரப்பூ ஒன்றை அறைந்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவியிடம் சொல்லத்தான் நினைத்தார். சாப்பிட்டீர்களாவுக்கும் பேரன் கதைக்கும் நடுவே அது அப்படியே விட்டுப்போயிற்று.

வங்கி அம்மாள் அவர் வீட்டுக்கு முன்னால் நின்றார்.

"இங்க யாரோ ஒத்தையாளு போல. மாடிக் கொடியில பாருங்க, ஒரே ஒரு சட்டை. இவ்வளவு பெரிய விழாவுக்குக் கதவைப் பூட்டிக்கிட்டு எங்க போச்சோ அந்த ஜீவன். பாவம்."

லைட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தன்னைப் பார்த்து யாராவது பாவம் என்று சொல்லமாட்டார்களா என்று அவர் ஏங்கியதுண்டு. இப்படித் தனக்குப் பக்கத்திலேயே நின்று சொல்லுவார்கள் என்று நினைக்கவில்லை.

"அங்க போய் நில்லுங்க சார், ஒரு போட்டோ எடுக்கிறேன். வீட்டம்மாவுக்கு அனுப்புங்க" என்று அவர் போனைப் பிடுங்கினார் அம்மாள்.

போய் நின்றார். நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. சொல்ல முடியாததை இந்தப் படம் சொல்லிவிடுமே! பூட்டிய கதவு, மாடியில் ஒற்றைச் சட்டை, வாசலில் தனியாக ஒரு மனிதன். முப்பது வருஷம் அந்த வாசலைப் பெருக்கியவளுக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? பார்த்த மாத்திரத்தில் துடித்துப்போய்க் கிளம்பிவிடுவாள். படத்தை அனுப்பினார். அதுதான் அவருடைய வந்துடு.

கூட்டம் தெருக்கோடிவரை போய்விட்டது. அவர் அங்கேயே நின்றார், வங்கி அம்மாளும் துணைக்கு நின்றார். போன் சத்தம் போட்டது. மனைவியின் குரலில் பதில் வந்திருந்தது. காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"என்னங்க! டூர் போயிருக்கீங்களா? காலையில ஒரு வார்த்தை சொல்லலியே, சரியான கள்ளத்தனம்! தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு ஜோராத்தான் இருக்கீங்க. வீடு எவ்வளவு அழகா இருக்கு, நீலக் கலர்ல! எந்த ஊருங்க அது? யாரு வீடு?" இடையில் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. "நான் பாட்டுக்கு, நீங்க வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கெடக்கிறீங்களேன்னு தெனமும் மனசு அடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கு. அப்ப நான் இருந்துட்டே வரேங்க. மாப்பிள்ளைகிட்ட டிக்கெட் வேணாம்னு சொல்லிட்டேன். நல்லாச் சுத்திப் பாருங்க. சாப்டீங்களா?"

லைட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை சிரிப்பு வந்த இடத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அது நம்ம வீடுடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு அங்கேயே செத்துவிடும். போனை வாயருகே கொண்டுபோனார், பேசினார், பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன சார், என்ன சொல்றாங்க வீட்டம்மா?"

"வீடு ரொம்ப அழகா இருக்காம்."

"சொல்லலே நான்? வேற என்ன கேட்டாங்க?"

"யாரு வீடுன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலன்னு சொல்லிட்டேன்."