லிங்க் வைத்திருக்கும் எவரும்

சோளக்காட்டு மிளகு விவசாயிகள் சங்கத் தலைவர் ராஜதுரைக்கு வெளிப்படைத்தன்மை என்ற சொல்லின் மேல் தீராத காதல். மேடை ஏறினால் நாலு தடவையாவது அதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். எந்த வீட்டில் எத்தனை மூட்டை மிளகு, யார் எப்போது விற்பார்கள் என்பதையெல்லாம் ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டைச் சங்கத்து ஆபீஸ் பையன் இளங்கோ செய்து முடித்ததும், ‘மலைக்கண்’ என்று பெயர் சூட்டித் திறப்புவிழாவே வைத்துவிட்டார். அவர் தோட்டத்து மிளகு மட்டும் அந்தத் திரையில் கிடையாது. அது ‘தலைவர் மட்டும்’ என்ற தனிப்பக்கத்தில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

விழாவன்று சிறப்பு விருந்தினரின் போனில் மலைக்கண் திறக்க மறுத்து, பாஸ்வேர்டு கேட்டது. பெரிய மனிதரிடம் போய்க் கேள்வி கேட்பதா என்று தலைவருக்கு முகம் கறுத்தது. இளங்கோ அவசரமாக ஷேரிங்கில் ‘லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றினான். விருந்தினர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் இளங்கோ நினைத்தான். சாப்பாடு நன்றாக இருந்தது. மறந்துபோனான்.

தலைவரின் சிரித்த முகமும், அதன் காதோரம் போனைக் காட்டினால் மலைக்கண்ணைத் திறக்கும் க்யூஆர் கோடும் அச்சிட்ட ஃப்ளெக்ஸ் விழாவில் மிஞ்சியது. மலையில் ஃப்ளெக்ஸ் வீணாவதில்லை. கூரையாகும், மிளகு காயப்போடும் விரிப்பாகும். இளங்கோ அதைப் பாவாயி அத்தைக்குக் கொடுத்தான். சரக்குக் கணக்கெடுக்கப் போனபோது அவள் ஒன்று சொல்லியிருந்தாள், மாமனுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அதற்குள் விற்றாக வேண்டும், வெளியே தெரிந்தால் விலையை அமுக்கிவிடுவார்கள், உன்னிடம் மட்டும் சொல்கிறேன் கண்ணு என்று. பெரிய திரையில் காலிக் கட்டங்கள் அசிங்கமாகத் தெரியும் என்று தலைவர் சொல்லியிருந்ததால், ‘விற்கும் காரணம்’ என்ற கட்டத்தில் அதை அப்படியே அடித்து வைத்திருந்தான்.

சேந்தமங்கலத்து வியாபாரி செல்வம் வந்த அன்று இளங்கோவும் அங்கே இருந்தான். பாவாயி அத்தை அசரவில்லை. எங்களுக்கென்ன அவசரம், மழை முடிந்து விற்றால் போச்சு என்று நிதானமாக வெற்றிலையை மடித்தாள். செல்வம் விலையை இரண்டு முறை ஏற்றினான். மூன்றாவது முறையும் ஏற்றுவான் போலத்தான் இருந்தது. யோசித்தபடி குனிந்து, ஃப்ளெக்ஸில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் கையில் அள்ளினான். அள்ளிய இடத்தில் தலைவரின் காதும் அதையொட்டிய க்யூஆர் கோடும் தெரிந்தன. விளையாட்டாகப் போனை நீட்டினான்.

கொஞ்ச நேரம் படித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏனுங்கக்கா, மாமாவுக்கு வெள்ளிக்கெழமதானுங்களா?” என்றான்.

அடுத்து அவன் சொன்ன விலை முதலில் சொன்னதைவிடக் கீழே. அத்தை பேரம் பேசவில்லை. மிளகை அள்ளிப்போடக் கோணியின் வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள்.

மூட்டைகள் ஜீப்பில் ஏறும்போதே இளங்கோ ஷேரிங்கை அடைத்தான். ஒரே ஒரு தட்டு. விழாவன்று அவனுக்கு நேரமில்லாமல் போன தட்டு.

“இனிமே யாரும் பாக்க முடியாதுங்கத்த. நானும் தலைவரும் மட்டுந்தான்.”

அத்தை அவனைத் திட்டியிருந்தால் தேவலை.

“நீ பாக்கறதையும் எடுத்துட முடியுமா, கண்ணு?”

முடியாது. டாஷ்போர்டைச் செய்தவனின் பார்வையை நீக்க அதில் வழி வைக்கவில்லை. இளங்கோ போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த அறுப்பு முடிந்து கணக்கெடுக்கப் போனான். மாமன் கட்டிலில் தேறி உட்கார்ந்திருந்தார். அத்தை வாசற்படியிலேயே நின்றாள்.

“சரக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் நான்கு மூட்டைகள் நின்றன. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். இளங்கோ போனை எடுத்து, பாவாயி என்ற பெயருக்கு நேரே பூஜ்யம் என்று போட்டுவிட்டு இறங்கி நடந்தான்.