செருப்பைக் கழற்றிவிட்டு

கிறிஸ்டோபரைக் குளிப்பாட்டி வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் லாரி வந்து நின்றது. சவப்பெட்டிதான் வந்துவிட்டது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கியவர் கொச்சி வியாபாரி குரியாக்கோஸ். பட்டறையை மொத்தமாக விலை பேசி, இன்றைக்கு வந்து அள்ளிக்கொண்டு போகும்படி கிறிஸ்டோபரே சொல்லியிருந்தார். சொன்னவர் விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டது, சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில் போடிமெட்டு இறங்கிக்கொண்டிருந்த லாரிக்கு எப்படித் தெரியும்?

சாமியானாவைப் பார்த்ததும் குரியாக்கோஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சேச்சி, எனக்குத் தெரியாது. நான் போயிட்டுப் பின்னே வரேன்."

"எதுக்குத் தம்பி? அவுக வரச் சொன்ன நாளுதான இது," என்றாள் சுகிர்தம். "பெட்டிய வைக்க இந்தப் பட்டறைய விட்டா வீட்டுல வேற எடமும் இல்ல. ஏத்துங்க."

புருஷன் செத்த அன்றைக்கு வியாபாரமா என்று வந்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுகிர்தம் அதைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. மூணாறு பக்கத்து எஸ்டேட் பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பியானோக்களை, அதிலும் தானே வாசிக்கிற ரகத்தை, கிறிஸ்டோபர் அங்கேதான் பழுது பார்ப்பார். துளை போட்ட காகிதச் சுருளை மாட்டி, கீழே இருக்கிற இரண்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி காற்றை இழுக்கும். கட்டைகள் தாமாக அமுங்கிப் பாட்டு வரும். கரையானும் எலியும் மிச்சம் வைத்ததை வாங்கி வந்து பாட வைக்கிற மனுஷன். போடி பஜாரே ஏலக்காய் வாசத்தில் கிடக்க, இவர் வீட்டில் மட்டும் எந்நேரமும் கோந்து வாசம்தான்.

மரச்சட்டம், கம்பிச் சுருள், தோல், ஆணி டப்பா என்று ஒவ்வொன்றாக லாரியில் ஏறியது. கடைசியாக நின்றது ஒரே ஒரு பியானோ. கிறிஸ்டோபர் போன மாதம்தான் அதை முடித்திருந்தார். குரியாக்கோஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஷூ காலால் மிதித்தார். பாதிச் சுரம் கத்தியது. பாதி எழும்பவே இல்லை.

"இது சரியில்லையே," என்று இழுத்தார். "உதிரி பாகத்துக்குத்தான் ஆகும். பிரிச்சுக் கொண்டுபோறேன்."

"பிரிச்சுக்கட்டும்மா," என்றாள் மகள் ஜெனிபர். அழுத கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசமாவே அப்பாவுக்குக் கை நிதானத்துல இல்ல. ஒனக்குத் தெரியாதா?"

சுகிர்தத்துக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து எல்லாவற்றையும் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. மனுஷன் உள்ளறையில் கிடக்கிறார், அவர் கை கெட்டுப்போனது என்று அவர் வீட்டுக்குள்ளேயே தீர்ப்புச் சொல்வதா?

"எந்திரிங்க தம்பி," என்றாள்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மிதித்துப் பார்க்கிற ஆள் அவள்தான். கிறிஸ்டோபர் தலையைப் பியானோவுக்குள் நுழைத்துக்கொண்டு, "சுகிர்தம், மிதி" என்பார். அவள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து வெறுங்காலால் மிதிப்பாள். "போதும்" என்று குரல் வந்ததும் குழம்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சங்கீதம்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொட்டிலைக் காலால் ஆட்டுகிற அழுத்தம்தான் கொடுத்தாள். சுருள் நகர்ந்தது. எஸ்டேட் கிளப்பில் எந்தக் காலத்திலோ ஜோடி ஜோடியாக ஆடிய துள்ளல் பாட்டு ஒன்று, ஒரு சுரம் பிசகாமல், தெளிந்த தண்ணீராக வந்தது. சாமியானாவில் பேச்சு அடங்கிப்போனது.

கிறிஸ்டோபரின் தங்கை ஏஞ்சல் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "என்ன மதினி இது? பொணம் கெடக்கையில ஆட்டப் பாட்டா?"

"நானா மாட்டுனேன்? ஒங்கண்ணன் மாட்டி வச்சிட்டுப் போனது," என்ற சுகிர்தம் சுருள் தீருகிற வரைக்கும் காலை எடுக்கவில்லை. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஜெனிபர் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

குரியாக்கோஸ் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சேச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? சேட்டன் தந்த பியானோ எல்லாமே இப்படித்தான். மிதி ரொம்ப லேசு. வாங்குறவங்க கால் வச்சா கத்தும். நான் கொச்சியில வேற ஸ்பிரிங் போட்டுத்தான் விப்பேன். ஏன் இப்படி வைக்கிறீங்கன்னு சேட்டன்கிட்ட ஒருநாள் கேட்டேன். 'மிதிக்கிற ஆளுக்குச் சரியா இருக்கு, போதும்'னு சொன்னாரு. அது எந்த ஆளுன்னு இப்பத்தான் தெரியுது."

சுகிர்தம் குனிந்து மிதிகளைப் பார்த்தாள். உலகத்தில் எல்லாப் பியானோவும் இப்படித்தான் மிதிபடும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். வேறு யார் வேலை செய்ததையும் அவள் மிதித்ததில்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன்.

"அப்ப இதுக்கும் ஸ்பிரிங் மாத்திரட்டுமா சேச்சி?"

"மாத்தாதீங்க. பிரிக்கவும் கூடாது." எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "வாங்குறவுகளச் செருப்பக் கழட்டிட்டு மிதிக்கச் சொல்லுங்க. பழகிரும்."

குரியாக்கோஸ் தன் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்துதான் பியானோவுக்குத் தோள் கொடுத்தார்.

லாரி கிளம்புவதற்கும் பெட்டி வருவதற்கும் சரியாக இருந்தது. பியானோ நின்ற இடத்திலேயே பெட்டியை வைத்துக் கிறிஸ்டோபரைக் கிடத்தினார்கள். போதகர் வந்தார். எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு வேகத்தில். சுகிர்தம் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த ஏஞ்சல் குனிந்து பார்த்துப் பதறிப்போனாள்.

"மதினி, காலு நடுங்குதே. ஒரு வாய் காப்பி குடிங்க."

"நடுக்கமில்ல," என்றாள் சுகிர்தம்.

ஏஞ்சல் நம்பாமல் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கைக்குக் கீழே வலது, இடது என்று பாதங்கள் நிதானமாக மிதித்துக்கொண்டிருந்தன.