அறை காலி

அப்பாவின் வாயை மூடிவிடலாம் என்று மோவாய்க்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து மேலே தள்ளினாள் மகள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். துருப்பிடித்த கீல் போல அந்த இடத்திலேயே நின்றது. கையை எடுத்துக்கொண்டாள்.

"விடுடி" என்றாள் அத்தை. "தூங்கும்போதும் அண்ணன் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் தூங்கும்."

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. காலைச் சாப்பாட்டிலிருந்து அண்ணனுக்காக எடுத்து வந்த தட்டை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். இரண்டு அவித்த முட்டை, ரொட்டி, மேலே ஒரு காகிதக் கைக்குட்டை.

மணி ஒன்பது நாற்பது. மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். கல்லூரியில் படித்தது உடலியல். உயிர் போனபின் உடம்பில் முதலில் இறுகும் இடங்களில் தாடை ஒன்று என்று அவளுக்குத் தெரியும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதும் தெரியும். இரவு முழுக்கக் குளிரூட்டிய அறையில் எவ்வளவு விரைவாக என்றாலும் இரண்டு மணி நேரம் ஆகும். கணக்குத் தானாகவே நடந்து முடிந்தது. ஏழே முக்காலுக்கு முன்னால்.

அவளும் அத்தையும் அறையைவிட்டுக் கிளம்பியது எட்டு மணிக்கு.

*

அவளுடைய நிறுவனத்தில் வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் நடக்கும். இந்த வருடம் அவள் பெயர் விழுந்தது: ஒரு தனியார் தீவில் மூன்று பேருக்கு நான்கு நாள் விடுமுறை. அப்பா முதலில் நம்பவில்லை. முப்பத்தோரு வருடம் ஒரு அரசாங்கக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். "ஊரையே மேல தூக்கிவிட்டாரு, இவரு மட்டும் கீழேயே நின்னாரு" என்று அத்தை கேலி செய்வாள். வந்து இறங்கியதும் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடலைப் பார்த்து, "எத்தனாவது மாடி இது?" என்று கேட்டார். தரைத்தளம்தான். ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

தீவில் நாற்பது வீடுகள். பணியாட்கள் நூறு பேருக்கு மேல் என்று படகில் சொன்னார்கள். சாப்பாட்டுக் கூடத்தைத் தவிர வேறெங்கும் ஒருவரையும் பார்க்க முடியவில்லை. அதுதான் அந்த இடத்தின் பெருமை. விருந்தினர் கண்ணில் படாமல் எல்லாம் நடக்கும். கசங்கிக் கிடந்த படுக்கை, பத்து நிமிடம் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் விரித்துக் கிடக்கும். செருப்புகள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அப்பாவின் சட்டையில் போயிருந்த மூன்றாவது பொத்தான் முதல் நாள் மாலையே தைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் நாள், மேசையில் இருந்த இனிப்புத் தட்டு போய்ப் பழத்தட்டு வந்திருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

"மாத்திரை டப்பாவத் தொறந்து பாத்திருக்காங்க" என்றாள் மகள்.

"நல்லதுக்குத்தானே" என்றாள் அத்தை. ஆனால் அன்றிலிருந்து குளிக்கப் போகும்போது பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனாள்.

அப்பாவுக்கு மட்டும் வேறு மாதிரிக் கவலை. "யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை நல்லா இருக்கியான்னு கேக்கலாம். முதுகுக்குப் பின்னாடி வந்து செஞ்சிட்டுப் போறாங்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரே கண்டுபிடிக்கவும் செய்தார். வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் செருகும் அறை அட்டைதான் காரணம். அதை உருவினால் விளக்கு அணைகிறது. அப்போது எங்கோ ஒரு பலகையில் இந்த அறை காலி என்று காட்டும். உடனே ஆள் வரும். லிஃப்ட் பலகையோடு வாழ்ந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை.

அப்படி வருவது ஆணா பெண்ணா என்று நேற்று இரவு அப்பாவும் அத்தையும் பந்தயம் கட்டினார்கள்.

"இந்தப் போர்வை மூலைய மடிச்சிருக்கற இறுக்கத்தப் பாரு. ஆம்பிளக் கை."

"எந்த ஆம்பிள அண்ணா மூலை மடிச்சிருக்கான்? பொம்பளதான்."

"தோத்தா?"

"ஒரு மாசம் காபி நீதான் போடணும். எனக்கும் சேத்து."

"சரி. காலைல நீங்க ரெண்டு பேரும் அட்டைய உருவிக்கிட்டுப் போங்க. நான் தூங்கற மாதிரி கெடக்கறேன். வரட்டும், பாத்துடறேன்."

ஆகவே காலை எட்டு மணிக்கு அவர் மல்லாந்து கண்ணை மூடிக் கிடந்ததைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. உதட்டோரம் லேசாக மேலே ஏறியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நடிப்பு நல்லாத்தான் இருக்குப்பா. குறட்டைதான் கொறையுது" என்றாள். பதில் இல்லை. அவளும் அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அட்டையை உருவினாள். விளக்கு அணைந்தது.

திரும்பி வந்தபோது உள்ளறைப் படுக்கைகள் இரண்டும் விரிக்கப்பட்டிருந்தன. தரை துடைத்திருந்தது. அப்பாவின் போர்வை மார்புவரை இழுக்கப்பட்டு, இரண்டு பக்கமும் மெத்தைக்கடியில் செருகி, மூலைகள் கத்திபோல மடிக்கப்பட்டிருந்தன. கைகள் போர்வைக்கு வெளியே சேர்ந்தாற்போல் கிடந்தன.

*

மேலாளர் குரலை உயர்த்தாத மனிதர். முதலில் வருத்தம் தெரிவித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மூணு மணிக்குப் புது விருந்தினர் வர்றாங்க மேடம். அவங்க அறைக்குப் போனதும் நாலு மணிக்கு உங்களுக்குப் படகு. டாக்டர் மூணரைக்கு வந்துடுவார். அதுவரைக்கும் வெளியில யாருக்கும் தெரியாம..."

"செத்தவரு சத்தமா போடப் போறாரு?" என்றாள் அத்தை.

மேலாளர் அத்தைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"காலைல இந்த அறைக்கு வந்தவங்கள நான் பாக்கணும்" என்றாள் மகள்.

"யாரும் வரலையே மேடம். விருந்தினர் உள்ள இருந்தா எங்க ஆட்கள் வரவே மாட்டாங்க. வந்தா அன்னைக்கே வேலை போயிடும்."

"அப்ப இந்தப் போர்வைய யார் செருகினா?"

அவர் மூலை மடிப்பைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "நீங்களே செருகியிருப்பீங்க" என்றார். குரலில் கெஞ்சல் இருந்ததா மிரட்டல் இருந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் போனபின் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழே முக்கால். எட்டு. குறட்டைதான் கொறையுது. சொன்னபோது அவர் கேட்டாரா? அந்தச் சிரிப்பு அவருடையதா, அல்லது தசை அப்படி நின்றுவிட்டதா? தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும், போர்வையைச் செருகியவர்.

மதியம் ஒரு மணிக்கு அத்தை தன் மகனோடு பேச அலுவலகத்துக்குக் கிளம்பினாள். தீவில் அங்கு மட்டும்தான் போனுக்கு சிக்னல்.

"நீயும் வா. தனியா என்னடி பண்ணுவ?"

"அப்பா இருக்காரே" என்றாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அவள் எழுந்து சுவரிலிருந்த அட்டையை உருவினாள். விளக்கு அணைந்தது. குளிர்க்காற்றின் ஓசை நின்றது. இப்படி ஓர் அமைதி அந்த அறையில் இருந்ததை அவள் அதுவரை அறியவில்லை. கடலின் சத்தம்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றது. அப்பாவின் கட்டிலை ஒட்டிக் கிடந்த நீண்ட சோபாவில் மல்லாந்து படுத்தாள். கைகளை மார்பில் சேர்த்தாள். கண்ணை மூடினாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கிடந்தார்கள்.

மூச்சை மெதுவாக்கினாள். இன்னொரு மூச்சுக்குக் காது தானாகவே காத்திருந்தது.

ஐந்து நிமிடம் இருக்கும். வாசல் கதவு திறக்கவில்லை. திறந்தது அலமாரிக்குப் பக்கத்துச் சுவர். வெறும் மரப்பலகை என்று மூன்று நாளாக அவர்கள் சட்டையை மாட்டிவைத்த இடம். உள்ளிருந்து ஈரத் துணியின் வாடை வந்தது. காலடி கேட்கவில்லை. யாரோ கட்டிலுக்கு மறுபக்கம் வந்து நிற்பதை இமைக்கு மேல் விழுந்த நிழலால் அறிந்தாள்.

கண்ணைத் திறந்தாள்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். சாம்பல் நிறச் சட்டை, வெறுங்கால். கத்தவில்லை. சட்டென்று திரும்பி முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றாள். அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். அப்பாவும் முப்பத்தோரு வருடம் லிஃப்டின் பொத்தான்களைப் பார்த்தபடிதான் நின்றார்.

"திரும்புங்க" என்றாள் மகள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்கம்மா. பலகைல காலின்னு காட்டுச்சு. ஐயாவ ஒருதடவ பாத்துட்டுப் போலாம்னு."

"காலைலயும் நீங்கதான் வந்தீங்களா?"

முதுகு அசையவில்லை.

"உங்க வேலைக்கு எதுவும் ஆகாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நீங்க வந்தப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். மகளைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள்.

"இருந்தாரு."

"எப்படித் தெரியும்?"

"பேசினாரேம்மா."

"எத்தனை மணிக்கு?"

"எட்டே காலுக்கு உள்ளதான். பலகைல காட்டினா அஞ்சு நிமிஷத்துல வந்தாகணும்." போர்வையின் விளிம்பைத் தடவினாள். "தூங்கறாருன்னு நெனச்சு ஓசைப்படாம சுத்திச் சுத்தித் தொடச்சேன். ஆளிருந்தா திரும்பிப் போயிடணும். ஆனா பாதி அறைய அப்படியே விட்டாலும் திட்டு வாங்கணும். போர்வைய இழுக்கும்போது ஒரு கண்ணத் தொறந்தாரு. 'போச்சு, ஆம்பிள வருவான்னு தங்கச்சிகிட்டப் பந்தயம் கட்டியிருந்தேன்'னாரு."

மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"

"பயந்து போயிட்டேன். அவருதான், 'நீ வந்ததச் சொல்லமாட்டேம்மா, நான் தூங்கிக்கிட்டேதான் இருக்கேன்'னு கண்ண மூடிக்கிட்டாரு. சிரிச்ச மாதிரியே." கொஞ்சம் நிறுத்தி, "கை சூடா இருந்துச்சும்மா" என்றாள்.

அந்தக் கேள்வியை மகள் கேட்டிருக்கவில்லை.

திறந்து கிடந்த பலகையைப் பார்த்தாள். விரல்கனம்கூட இருக்காது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு இருட்டான நடை. நேற்று இரவு பந்தயம் கட்டியது இந்த அறையில்தான், சத்தமாகத்தான். பின்னால் நின்றிருந்தால் யாருக்கும் கேட்டிருக்கும். ஆனால் அந்தக் குரல் அப்பாவுடையது. 'போச்சு' என்று அவர் உதடு பிதுக்குவதுபோலவே இந்தப் பெண்ணும் பிதுக்கினாள். எட்டே காலுக்கு. உயிர் போய் அரைமணியாவது ஆகியிருக்க வேண்டிய நேரத்தில்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டால் ஏதாவது ஒன்று உடைந்துவிடும். 

"போங்க" என்றாள். "அத்தை வந்துடுவாங்க."

அந்தப் பெண் போகும்முன் குனிந்து, ஒரு மூலையில் தளர்ந்திருந்த மடிப்பை இழுத்துச் செருகினாள். பலகை மூடியது. சுவர் மறுபடியும் சுவரானது.

*

டாக்டர் வயதானவர், கடல் காற்றில் முடி கலைந்து வந்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், தாடையைத் தொட்டார், முழங்கையை மடக்க முயன்று விட்டுவிட்டார். மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"கடைசியா உயிரோட பாத்தது யார்னு எழுதணும் மேடம். நேரமும்."

நிரப்பும் இடம் ஒரு வரி. நேற்று இரவு பதினொன்று என்று எழுதினால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்; எட்டு மணிக்கு அவள் கேலி பேசியது உயிரில்லாத உடம்போடு என்பது என்றைக்கும் உறுதியாகிவிடும். எட்டே கால் என்றால் அந்தப் பெண்ணையும் எழுத வேண்டும். மேலாளர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள், காலை எட்டு மணி என்று எழுதினாள்.

டாக்டர் வாங்கிப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கா?"

"ஆமா டாக்டர்."

"பேசினாரா?"

"சிரிச்சார்" என்றாள்.

டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

விருந்தினர் நடக்காத பின்பக்கப் பாதை வழியாகச் சக்கரப் படுக்கையை உருட்டிக்கொண்டு போனார்கள். வழியில் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பந்தயத்த முடிக்காமயே போயிடுச்சுடி அண்ணன்."

"முடிச்சிட்டுத்தான் அத்த போனார். நீங்கதான் ஜெயிச்சீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சக்கரப் படுக்கையில் தளர்ந்திருந்த விரிப்பை மறு கையால் இழுத்துச் செருகினாள். அத்தை மறுபடி கேட்கவில்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

படகோட்டி ஒல்லியான மனிதன், வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான். அப்பாவை நடுவில், இருக்கைகளுக்கு இடையில் வைத்தார்கள். முகம்வரை வெள்ளை விரிப்பு. படகோட்டி வழக்கம்போல ஆட்களை எண்ணினான். விரலால் சுட்டி, உதட்டுக்குள். பிறகு பெட்டியைத் திறந்து ஆரஞ்சு நிற மிதவை அங்கிகளை எடுத்தான். டாக்டருக்கு ஒன்று. அத்தைக்கு ஒன்று. அவளுக்கு ஒன்று. எல்லோரும் கட்டி முடிக்காமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது என்பது அங்கே விதி.

அவன் கையில் இன்னும் ஒன்று இருந்தது.

 டாக்டர் கடலைப் பார்த்தார். படகோட்டி மண்டியிட்டு, அதை வெள்ளை விரிப்பின் மேல், மார்பு இருக்கும் இடத்தில் வைத்து, வாரைக் கீழாக விட்டு மறுபக்கம் எடுத்துக் கொக்கியை மாட்டினான். இழுத்து இறுக்கினான். சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாரைத் தளர்த்திவிட்டுப் போய் எஞ்சினைக் கிளப்பினான்.