வருதா, போகுதா

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் சரியில்லை. வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாக வந்தவர்களையெல்லாம் உயரமான நாற்காலியில் ஏற்றி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிர்ச் சுவரில் விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கவைத்தவர் அவர். கண்ணில் புரை விழுந்தவர் கடைப் படி ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவார். தள்ளிப்போடாதீர்கள், டாக்டரிடம் போங்கள், இப்போதெல்லாம் அது கால் மணி நேர வேலை என்று அறிவுரை வேறு. அந்தக் கால் மணி நேர வேலைக்குத் தான் மட்டும் போகாமல் ஒரு வருஷமாகப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். காரணம் பயம்தான், வேறொன்றும் இல்லை. அடுத்தவர் கண் என்றால் கால் மணி நேரம், தன் கண் என்றால் கத்தி.

இதில் விமானம் வேறு வந்து சேர்ந்துகொண்டது. ரிமோட்டில் பறக்கவிடும் சின்ன விமானங்களில் அவருக்குப் பல வருஷமாகப் பைத்தியம். போன வருஷம் அவை வானத்தில் காணாமல் போக ஆரம்பித்தன. கொசு மாதிரி இருக்கிறது, மனுஷன் எப்படிப் பார்ப்பான் என்று விமானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, பெரியதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பெரிய விமானம் காற்றில் ஆடாமல் போகும் என்று கிளப்பில் எல்லோரிடமும் சொன்னார். அது உண்மைதான். பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்ற இன்னொரு உண்மையை மட்டும் விழுங்கிவிட்டார்.

கடையின் பின்னறையில் பதினான்கு மாதம் கட்டினார். இறக்கை நுனியிலிருந்து நுனிவரை ஒன்பது அடி, எடை பன்னிரண்டு கிலோ. மூக்கில் பெட்ரோல் எஞ்சின், மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தில் இருப்பதன் தம்பி. மேலே மஞ்சள், அடியில் கறுப்புப் பட்டைகள். பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருந்தது. அது வேகத்தோடு வந்து ஒருவர் மேல் மோதினால் அவர் பிழைக்கமாட்டார். அதனால்தான் பத்துக் கிலோவுக்கு மேல் பறக்கவிடுகிறவர்கள் கண் பரிசோதனைச் சான்றிதழ் கொடுக்கவேண்டும் என்று கிளப்பில் விதி வைத்திருந்தார்கள்.

சான்றிதழுக்கு அவர் எங்கே போவார்? புதன்கிழமை மாலை கடையை அடைக்கும் நேரத்தில் தானே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். அப்புறம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். ஓர் எழுத்துக்கூடத் தடுமாறவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நாள் தவறாமல் கேட்ட எழுத்துகள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் யாரையும் ஏமாற்றுகிறோம் என்று அவர் சத்தியமாக நினைக்கவில்லை. மங்கலாகத் தெரிந்தது, வாய் சரியாகச் சொன்னது, வாய் சொன்னதைக் கண் நம்பிவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தோடு நின்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகப் படித்தீர்கள் என்றாள். அவர் தன் கண் நலமாக இருக்கிறது என்று தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே நீளமாக வெட்டிவிட்ட புல்தரை, ஒரு பக்கம் கம்பி வலை, எதிர்ப்பக்கம் வயலைத் தாண்டினால் பஸ் போகிற சாலை. வேனை நிறுத்தும்போதே காத்து வந்து நின்றான். டயர் கடைக்காரன், ஊருக்கெல்லாம் காற்றடித்துக் கொடுப்பவன், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கிளப்பில் அவனைவிட நன்றாகப் பறக்கவிடுகிறவர் கிடையாது. கண்ணாடிக்காரரை அண்ணே என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவான். அன்றைக்கு என்னவோ அவன் அவர் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே வந்தான். முதல் பறப்பு அல்லவா, ஆர்வம் போலும் என்று அவர் பொறுத்துக்கொண்டார்.

மனைவியும் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பரபரத்தாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாக எழுப்பி, மடக்கு நாற்காலிகளோடு வலைக்கு அந்தப்பக்கம் அனுப்பினாள். கிளப் செயலாளர் அம்மாளே சும்மா இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விமானத்தைப் பூட்டும் வேலை தொடங்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. கை செய்கிற வேலைக்குக் கண் அதிகம் தேவைப்படவில்லை. குறுக்குக் குழாயை உடம்புக்குள் செருகி, இரண்டு பக்கமும் இறக்கையைத் தள்ளி, உள்ளே கைவிட்டு ஒயர்களை இணைத்து, திருகாணிகளை முறுக்கினார். இறக்கையின் அடியில் குறித்த இடத்தில் ஆளுக்கு இரண்டு விரலை வைத்து எடை சமமா என்று அவரும் காத்துவும் தூக்கிப் பார்த்தார்கள். மூக்கு இம்மி சாய்ந்து நின்றது, அப்படித்தான் நிற்கவேண்டும். ரிமோட்டில் வலப்பக்கம் தள்ளினார். வால்பக்கம் நின்ற காத்து, இறக்கையின் வலது மடல் மேலே, இடது கீழே, சரி என்றான். ரிமோட்டை அணைத்தால் எஞ்சின் தானாக நிற்பதற்கு வைத்திருந்த அமைப்பையும் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியாக, ரிமோட்டின் வீச்சைக் குறைத்துக்கொண்டு முப்பது தப்படி நடந்து திரும்பினார். மடல்கள் அசைகின்றனவா என்று பார்க்கவேண்டும். மஞ்சளாக ஏதோ நின்றது. அதற்குமேல் தெரியவில்லை.

"ஆடுது அண்ணே, நல்லா ஆடுது" என்று காத்து அங்கிருந்து குரல் கொடுத்தான். அவர் கேட்காமலே கொடுத்தான்.

ரிமோட்டைக் கழுத்தில் மாட்டும் வாரைத் தேடினால் பெட்டியில் காணவில்லை. அதைப் போட்டுக்கொண்டு எஞ்சின் விசிறிக்குப் பக்கத்தில் குனியக் கூடாது அண்ணே, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று காத்து சமாதானம் சொன்னான். மனைவி வேறெங்கோ பார்த்தாள்.

சோக்கை மூடிவிட்டுக் காத்து விசிறியைச் சுண்டினான். நான்காவது சுண்டலில் எஞ்சின் ஒருமுறை இருமியது. சோக்கைத் திறந்து மறுபடி சுண்டியதும் பிடித்துக்கொண்டது. மனைவி வாலைப் பிடித்திருந்தாள், அவள் முந்தானை பின்னால் படபடத்தது. பெட்ரோல் புகை முகத்தில் அடித்தபோது கண்ணாடிக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். பதினான்கு மாதம் வீண்போகவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.

விமானம் புல்லில் ஓடி, வால் தூக்கி, தானாகவே மேலேறியது போலக் கிளம்பியது. அருகில் இருக்கும்வரை எல்லாம் அழகாக இருந்தது. கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது, ரிமோட்டில் இரண்டு சொடுக்கு வைத்துச் சரிசெய்தார். முதல் வட்டம் போட்டு முடித்ததும் வலைக்கு அந்தப்பக்கம் கைதட்டினார்கள். இரண்டாவது வட்டத்தில் விமானம் தூரத்து மேகத்துக்கு முன்னால் போயிற்று. வெயில் பட்டு மேகம் வெள்ளைவெளேரென்று எரிந்தது, அந்த வெளிச்சம் புரை விழுந்த கண்ணுக்குள் பரவியது. மஞ்சள் போயிற்று, கறுப்புப் பட்டை போயிற்று. ஒன்பது அடி இறக்கை சாம்பல் நிறக் கோடாக நின்றது.

அவர் வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார். கோடு லேசாக அசைந்தது. எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பிடிபடவில்லை, அதனால் அது தன்னைப் பார்த்து வருகிறதா, தன்னை விட்டுப் போகிறதா என்பதும் தெரியவில்லை. போகிற விமானத்துக்கு வலது நமக்கும் வலது. வருகிற விமானத்துக்கு வலது நமக்கு இடது. அது தெரியாமல் கையை அசைப்பது குருட்டாம்போக்கு. வருகிறது என்றால் வலைக்குப் பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். போகிறது என்றால் அங்கே சாலை, சாலையில் பஸ்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. பறக்கவிடும் ஆள் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அதைக் கேட்டால், சான்றிதழ், பதினான்கு மாதம், கடையின் பெயர், கண் விஷயத்தில் தனக்கு எல்லாம் தெரியும் என்ற பேச்சு, அத்தனையும் அந்த நிமிஷமே சந்தி சிரிக்கும். அவர் ஒரு நொடி யோசித்தார். ஒரு நொடி யோசித்ததற்காக அப்புறம் பல நாள் வெட்கப்பட்டார்.

"வருதா, போகுதா?"

"போகுது அண்ணே. ரோட்டைப் பார்த்து."

"நீ வாங்கிக்கோ. எனக்குத் தெரியல."

சொல்லி வாய் மூடுவதற்குள் காத்துவின் கைகள் ரிமோட்டுக்குக் கீழே வந்துவிட்டன. கழுத்தில் வார் இல்லாததால் அது தடையில்லாமல் கைமாறியது. எஞ்சின் சத்தம் ஒரு கணம் உயர்ந்து, சுருதி மாறி, பெரிதாகிக்கொண்டே வந்தது. திரும்பிவிட்டது என்று காது சொன்னது. கண்ணாடிக்காரர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் மஞ்சளாக அது கடந்து போனதைப் பார்த்தார். பக்கத்தில் வந்தால்தான் அவருக்கு மஞ்சள். எஞ்சின் முணுமுணுப்பாகத் தணிந்தது, சக்கரம் புல்லை உரசியது, பிறகு சத்தமே இல்லை.

"இறங்கிடுச்சு. ஒரு கீறல் இல்ல" என்றாள் மனைவி. அவள் கை அவர் தோளில் இருந்தது. எப்போதிலிருந்து இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

போன உயிர் திரும்பி வந்தது. விமானம் தப்பித்ததற்காக மட்டும் இல்லை. ஒரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் ரகசியத்தைக் காவல் காத்தது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வாசலில் யாராவது கை அசைத்தால் யாரென்று தெரியாமலே சிரித்தது, மாலையானால் வேனை எடுக்காமல் சாக்குச் சொன்னது, எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. இத்தனை சின்ன வாக்கியமா என்று இருந்தது. செயலாளர் அம்மாள் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது பொய் என்று கண்ணாடிக்காரர் தானே சொன்னார். அந்த அம்மாள் கிழிக்கவில்லை, மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"புதன்கிழமை அட்டையை மாத்தி வெச்சிருந்தேன்" என்றாள் மனைவி.

"எந்த அட்டையை?"

"விளக்குப் பெட்டியில இருக்கிறதை. கண்ணாடிக் கம்பெனிக்காரங்க இலவசமா குடுத்தாங்களே, பரண்ல கிடந்துச்சே, அதை வெச்சேன். நீங்க நம்ம பழைய அட்டையை ஒரு எழுத்து விடாம படிச்சீங்க. மறுநாள் காலையில பழையதை மாட்டிட்டேன்."

அவர் கையிலிருந்த சான்றிதழைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மெல்ல, எத்தனை சரி என்று கேட்டார்.

"ஒண்ணு. மேல இருக்கிற பெரிய 'ப'. அது ரெண்டுலயும் ஒண்ணுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அது சிரிப்பின் நீர் மட்டும் இல்லை. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் மழுப்பவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று மூன்று நாள் பார்த்தேன், இன்று காலை சொல்லிவிடத்தான் வந்தேன், எஞ்சின் பிடித்ததும் உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய் வரவில்லை, அது என் தப்பு என்றாள். வெள்ளிக்கிழமையே காத்துவிடம் சொல்லி, கைக்கெட்டும் தூரத்தை விட்டு நகராதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். கழுத்து வார் அவள் கைப்பையில் இருந்தது.

"நானே புடுங்கியிருப்பேன் அண்ணே" என்றான் காத்து, விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவன். "கை பரபரன்னுதான் இருந்துச்சு. நீங்களே குடுத்தீங்க பாருங்க, அதான் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு."

டாக்டரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று என்பதையும் அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். அந்த மாதம் ஒரு கண், அடுத்த மாதம் இன்னொரு கண். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று அவர் புலம்பியதைக் கேட்டு, காத்திருந்த நோயாளிகள் இரண்டு பேருக்குத் தைரியம் வந்தது.

எல்லாம் ஆறிய பிறகு ஒரு மாலை, கடை அடைக்கும் நேரத்தில், அவர் மறுபடியும் அந்த உயரமான நாற்காலியில் ஏறினார். மனைவி சாவிக்கொத்தோடு கல்லாப் பக்கம் நின்றாள். அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "ப" என்றார். இரண்டாவது வரிக்கு வாய் பழக்கதோஷத்தில் தயாராகிவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் சுவரைப் பார்த்தார்.

"ஏய், இது நம்ம அட்டை இல்லையே."

அவள் சாவிக்கொத்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேல படிங்க" என்றாள்.