காய்ந்த துணி

பல் துலக்கும் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு எடுத்து ஹெல்மெட் கண்ணாடியின் நடுவில் வைத்து, ஆள்காட்டி விரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார் கீறல் சார். பின்பக்கக் குழாயடியில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் தேய்த்தால் போதும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒருவன் சொல்லியிருந்தான். இவர் நாற்பது நிமிடமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். எந்த வேலையையும் சொன்னதைவிட இரண்டு மடங்கு செய்தவனுக்குத்தான் மற்றவர்களைக் குறை சொல்லும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி.

'கீறல் சார்' என்பது பாட்டில் கம்பெனியில் வைத்த பெயர். இருபத்தாறு வருஷம் கண்ணாடி பாட்டில்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கீறலோ குமிழியோ கோணலோ இருந்தால் சிவப்பு மை வைத்து ஒதுக்குவது அவர் வேலை. ஒதுக்கியது உடைக்கப் போய்விடும். கீறல் ஏன் விழுந்தது, எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் வேறு ஆட்கள் பாடு. பழகிய கண் வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. கழுவிய டம்ளரில் ஒட்டியிருக்கும் சோப்பு, மனைவியின் கையெழுத்தில் சாய்ந்து நிற்கும் எழுத்து, மகளின் மதிப்பெண் பட்டியலில் குறைந்த அந்த ஒரு பாடம், எதுவும் தப்பாது. "அத்தான் கண்ணுல பூதக்கண்ணாடி வச்சுத்தான் பொறந்தாரு" என்று மச்சினன் கிண்டலடிப்பான். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கல்யாணமாகிப் போன மகள் இப்போது போன் செய்தால், "அம்மா இருக்காங்களாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நான்கு வருஷத்துக்கு முன் பாட்டில் பார்க்கும் வேலைக்குக் கேமரா வந்தது, கீறல் சார் வீட்டுக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மனைவி பார்த்துவந்த வேலைதான் அன்றிலிருந்து குடும்பத்துக்கு ஒரே வருமானம். விடியும் முன்பே ஸ்கூட்டரில் கிளம்பி, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். அவள் கிளம்பும் நேரத்தில் இவர் ஒன்றே ஒன்று செய்வார். தன் பழைய பனியனைக் கிழித்த துணியால் ஹெல்மெட் கண்ணாடியை அழுத்தித் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து அவள் கையில் கொடுப்பார். முந்தின நாள் தூசி ஒரு பொட்டு இருக்காது. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட எழுந்து வந்து துடைத்தார். இந்த வீட்டில் தன் பங்கு இது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத நாளும் கிடையாது.

ஒரு மாதத்துக்கு முன், வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள். "எதிர்ல லைட் வந்தா கண்ணாடி முழுக்க வெளிச்சம் சிதறுதுங்க. ஒண்ணுமே தெரியல. இன்னிக்கு நின்னுட்டிருந்த தள்ளுவண்டில போய் மோதப் பாத்தேன்."

"கண்ணாடியில ஒண்ணுமில்ல. தினம் நான்தானே துடைக்கிறேன்? உன் கண்ணைப் போய்க் காட்டு."

அவள் போய்க் காட்டினாள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

நேற்று சாயங்காலம் கரண்ட் போனபோது தேடி எடுத்த டார்ச்சின் வெளிச்சம் தற்செயலாக ஹெல்மெட்மேல் விழுந்தது. கண்ணாடி முழுக்க மயிரிழைக் கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்றாக. இருபத்தாறு வருஷக் கண், தினமும் கையில் எடுத்த பொருள், அப்படியும் தப்பியிருந்தது. யாரும் பார்க்காத இருட்டிலேயே அவருக்கு வெட்கமாகப் போயிற்று. கூடவே கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இதை நாமே சரிசெய்து காட்டுவோம். இன்று அவளுக்கு வார விடுமுறை, சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வரும்போது கண்ணாடி புதுசாக இருக்க வேண்டும்.

தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தார். கீறல் போயிருந்தது. கண்ணாடியும் போயிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் கொட்டினாற்போல ஒரே வெள்ளை.

கழற்றிய கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டு ஹெல்மெட் கடைக்கு நடந்தார். கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"பேஸ்ட் போட்டுத் தேச்சீங்களா? போச்சு சார். மேல ஒரு பூச்சு இருக்கும், அதையும் சேர்த்து உரிச்சிட்டீங்க."

"கீறல் இருந்துச்சு. அதுக்குத்தான்."

"கீறல் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" ஓரத்தில் மிச்சமிருந்த வட்டங்களை நகத்தால் காட்டினார் கடைக்காரர். "கீழ விழுந்தா நீளமா, ஆழமா இருக்கும். இது துடைச்சுத் துடைச்சே விழுந்தது. தண்ணி காட்டாம, தூசியும் மண்ணுமா, காஞ்ச துணியால தினம் போட்டு அழுத்தியிருக்காங்க. உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மாதிரிதான் அது."

கீறல் சார் கண்ணாடியை வாங்கித் திரும்பச் செய்தித்தாளில் சுற்றினார். வேறு கண்ணாடி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

"இந்த மாடல் நின்னு போச்சு. ஆனா உங்க அதிர்ஷ்டம், ஒண்ணு இருக்கு. ஒரு மேடம் கேட்டாங்கன்னு ரெண்டா வரவழைச்சேன். காலையில வீடு வீடா ரத்தம் எடுக்கப் போவாங்க. அவங்க கண்ணாடியும் அச்சு அசல் இதே கதிதான்." கடைக்காரர் சிரித்தார். "யாரு மேடம் இப்படித் துடைக்கிறது, நிறுத்தச் சொல்லுங்கன்னேன். வேணாங்க, வீட்ல ஒருத்தருக்கு அது ஒண்ணுதான் வேலை, விட்டுடுங்கன்னுட்டாங்க. தெருமுனையில நின்னு புதுசை மாட்டிக்குவாங்களாம். திரும்பும்போது பழசை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவாங்களாம். எந்தக் கிழவரோ, பாவம். எடுக்கட்டா சார்?"

"வேணாம்."

திரும்பும் வழியில் அவருக்கு ஆத்திரமாக வந்தது. அவள் சண்டை போட்டிருக்கலாம். 'எல்லாம் உங்களாலதான்' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார், மனசு ஆறியிருக்கும். கம்பெனியில் சில பாட்டில்கள் உண்டு. விற்கவும் முடியாது, உடைக்கவும் யாருக்கும் கை வராது. மூலையில் ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது பேனா போட்டுவைக்க எடுத்துக்கொள்வார்கள். தன்னை அந்தப் பெட்டியில் அவள் என்றைக்குப் போட்டாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தார். கல்யாணமான புதிதில் பெரிய ஆஸ்பத்திரி வேலைக்கு அவள் எழுதிய விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. பதினோரு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார். அவள் அதைத் திருத்தி எழுதவே இல்லை. அன்றைக்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார், அதுவும் நினைவிருந்தது.

கண்ணாடியைத் திரும்ப ஹெல்மெட்டில் மாட்டி மேஜைமேல் வைத்தார். அவள் எழுந்து வந்து அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தேச்சீங்களா?"

"ம். கீறல் இருந்துச்சு. மாட்டிப் பாரு, எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் தலையில் மாட்டி, கண்ணாடியை இறக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவளுக்கு ஜன்னல்கூடத் தெரிந்திருக்காது.

"நல்லாத் தெரியுதுங்க. பளிச்சுனு இருக்கு."

பத்தடி தூரத்திலிருந்து மயிரிழையைப் பிடித்தவர், கண்ணுக்கு முன்னால் நின்ற இத்தனை பெரிய பொய்யை ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கிளம்பும்போது தெரு விளக்குகள் அணையவில்லை. கீறல் சார் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார். கண்ணாடியை நனைத்தார். தூசி ஊறும்வரை காத்திருந்தார். பிறகு ஈரத் துணியால், அழுத்தாமல், மேலிருந்து கீழாக ஒற்றினார்.

"நேரமாச்சுங்க. சர்க்கரைக்காரர் ஒருத்தர் ராத்திரியிலிருந்து சாப்பிடாம உட்காந்திருப்பாரு."

"ஒரு நிமிஷம். தண்ணி காட்டித்தான் துடைக்கணுமாம்."

சாவியை எடுத்த அவள் கை நின்றது. "யாரு சொன்னது?"

"ஹெல்மெட் கடைக்காரர்."

குழாய் சொட்டும் சத்தம் பின்பக்கத்திலிருந்து கேட்டது. அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார், திட்டாகவே இருந்தாலும் சரி. அவள் கையை நீட்டினாள். "குடுங்க." தண்ணீர் சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தாள்.

அவர் வாசலில் நின்று பார்த்தார். தெருமுனை விளக்கடியில் ஸ்கூட்டர் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, மறைக்கவும் முயலவில்லை. சீட்டைத் திறந்து புதுக் கண்ணாடியை எடுத்து, ஹெல்மெட்டிலிருந்து பழையதைக் கழற்றி, புதியதை மாட்டினாள். கழற்றியதைச் சீட்டுக்கடிப் பெட்டிக்குள் போடவில்லை. பக்கத்து மதில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடி அவர் முனைவரை நடந்தார். கண்ணாடி மதில்மேல் அப்படியே இருந்தது, ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரோடு. கையில் எடுத்து, வழக்கம்போல விளக்குக்கு எதிரே பிடிக்கப் போனவர், என்ன தோன்றியதோ, அதை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நான்கு வருஷத்தில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மெயின் ரோட்டிலிருந்து ஏதோ ஒரு வண்டி தெருவுக்குள் திரும்பியது. அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நாலா பக்கமும் சிதறி, தெருவை, மதிலை, அவர் காலடியை எல்லாம் மூடிக்கொண்டது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அவர் அதைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நின்றார். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.