காலர் மடிப்பில் மூன்று புள்ளி

விடியற்காலைத் தண்ணீருக்குக் கருணை கிடையாது. சலவை மைதானத்தின் சிமெண்ட் தொட்டிகளில் முழங்காலளவு நின்றுகொண்டு நாற்பது பேர் ஒரே மூச்சில் துணியை ஓங்கிக் கல்லில் அறைந்தால், ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஓட்டலின் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். அங்கே தூங்கும் கனவான்கள் போர் மூண்டுவிட்டதென்று போர்வைக்குள் ஒளிந்துகொள்வார்களாம். அந்தப் போர்வையும் முந்தாநாள் இதே கல்லில் அடி வாங்கியதுதான்.

மசியக்கா துணி அடிப்பதில்லை. வந்து விழும் ஒவ்வொரு துணியிலும், இன்னாருடையது என்று அழியாத மசியால் அடையாளம் போடுவது அவள் வேலை. புள்ளி, கோடு, கொக்கி. அவ்வளவுதான் அவள் எழுத்து. மூவாயிரம் வீட்டு அடையாளமும் மனப்பாடம். முப்பது வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. அவளுடைய ஆள்காட்டி விரலை அமிலத்தில் முக்கினாலும் வெளுக்காது என்பான் அவள் கொழுந்தன். அவனுக்குப் பெயர் இடி. அவன் துணி அடிக்கும் சத்தத்துக்கு வைத்தது.

அந்தப் புதன்கிழமை காலை ஓட்டல் முதலாளியே பளபளக்கும் காலணியோடு மைதானத்துக்கு வந்தார்.

"இன்னிக்கு நகர மன்றத்துல தீர்மானம் வருது. இங்க இருபது மாடியில இன்னொரு ஓட்டல், பின்னாடி அடுக்குமாடி வீடுங்க. ஒரு மாசத்துல கிளம்பிடணும்."

"பொது நிலமாச்சே ஐயா. நாங்க எங்க போறது?" என்றான் இடி.

"நீங்க இருந்தாத்தானே போறதுக்கு? பத்து வருஷமா யாரும் பயன்படுத்தாத காலியிடம்னு அதிகாரி எழுதிக் குடுத்திருக்காரு."

இடி கையிலிருந்த ஈரப் போர்வையை ஒரே அறை அறைந்தான். முதலாளியின் கால்சட்டை முட்டிவரை நுரை.

"மன்னிச்சுக்குங்க ஐயா. காலியிடம்னு நெனச்சு அடிச்சுட்டேன்."

தொட்டிகள் குலுங்கிச் சிரித்தன. மசியக்கா சிரிக்கவில்லை.

"அப்ப உங்க ஓட்டல் துணியைத் தினமும் பேயா துவைச்சு அனுப்புது?"

"மிஷினு வாங்கிப்பேன். நீ வார்த்தையை அளந்து பேசு."

அவர் போனதும் அவள் மசிப் புட்டியை மூடினாள். "கிளம்புங்க எல்லாரும். ஈரத்தோடவே வாங்க, துடைச்சுக்க நேரமில்ல."

மன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் நாற்பது பேரும் உட்கார்ந்தபோது, தரையில் ஓடிய தண்ணீரில் ஒரு வாத்து நீந்தலாம். கீழே திட்டக் குழுத் தலைவர் கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். "அந்த நிலத்துல ஈ காக்கைகூட கிடையாது, மேயரம்மா. வெறும் புல்லு!"

மசியக்கா எழுந்தாள். மாடத்தின் கைப்பிடிக்கு மேலாக எட்டிக் குனிந்தாள்.

"ஐயா, உங்க சட்டையை யாரு துவைக்கிறாங்க?"

"யாரும்மா நீ? காவலாளி, இந்தம்மாவை வெளிய தள்ளு!"

"காலர் மடிப்பைத் திருப்பிப் பாருங்க. மூணு புள்ளி, ஒரு கொக்கி. சட்டைக் கையில எண்ணெய்க் கறையோட வந்துச்சு. நான் போட்ட அடையாளம்."

காவலாளி வந்து அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் சீருடைக்கு ரெண்டு கோடு தம்பி."

அவன் கை தானாகத் தன் காலருக்குப் போயிற்று. இன்னொரு கை அவளை விட்டுவிட்டது.

அப்புறம் அந்த மண்டபம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நாற்பத்தெட்டு உறுப்பினர்களும் சட்டைக்குள் எறும்பு புகுந்தவர்கள்போல நெளிந்தார்கள். ஒருவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மேயரம்மா தன் மேஜை விரிப்பின் ஓரத்தைப் புரட்டி, அங்கிருந்த சின்ன வட்டத்தையே பார்த்தார்.

"அது மன்றத்தோட அடையாளம்மா. யாருமே இல்லாத இடத்துல துவைச்சது," என்றாள் மசியக்கா.

மேயரம்மா தொண்டையைச் செருமினார். "செவ்வாய்க்கிழமை மன்றமே நேர்ல போய்ப் பாக்கட்டும். அதுக்கப்புறம் ஓட்டெடுப்பு."

படிக்கட்டில் முதலாளி காத்திருந்தார். "அதுவரைக்கும்தான் உங்க ஆட்டம். நாளையிலருந்து ஓட்டல் துணி ஒண்ணுகூட வராது. வெறும் தொட்டியைத்தான் காட்டப் போறீங்க."

பாதி வேலை போயிற்று. நாற்பது முகங்களும் பிழிந்த துணியாயின.

"பாதிப் பேருக்குச் சோறு?" யாரோ முனகினார்கள்.

"வீட்டுத் துணி இருக்குல்ல? இருக்கற வேலையை நாற்பது பேரும் பங்கு போட்டுக்குவோம்," என்றாள் மசியக்கா. "யாரும் வீட்டுல உக்காரக் கூடாது. ஒரு தொட்டிகூட காயக் கூடாது."

மறுநாள் விடிவதற்குள் ஓர் ஊர்வலமே மைதானத்துக்குள் நுழைந்தது. மன்றத்தைக் கூட்டிப் பெருக்குகிற பெண்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், எல்லார் தலையிலும் அழுக்கு மூட்டை. முன்னால் அந்தக் காவலாளி.

"மன்றத்துல குடுத்த புது ஓட்டல் வரைபடத்தோட ரெண்டாம் பக்கத்தை நேத்துதான் பாத்தேன்க்கா. எங்க குடியிருப்பையும் இடிக்கறதா அதுல இருக்கு. தொட்டி காயக் கூடாதுன்னீங்களாமே?"

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவனும் தண்ணீரில் இறங்கினான். குளிரில் அவன் போட்ட கூச்சல் அக்கரைவரை கேட்டது. முதல் அடியிலேயே தலையணை உறை டர்ரென்று இரண்டாகக் கிழிந்தது.

"அடப்பாவி, துவைக்கச் சொன்னா கொலை பண்றியே!" என்றான் இடி.

"கத்துக்கறேன்யா. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குல்ல?"

காவலாளி அடுத்த துணியை எடுத்து முக்கி, தலைக்கு மேல் ஓங்கினான்.