ரவிதேஜா வைத்த ப்ராக்ஸி

அவிநாசிக்கு மேற்கே அந்தத் தோட்டத்து வீடு பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் தென்னை. செல்போனில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிர்ஷ்டம். ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். அதனால், லாஸ்யாவின் கணவனுக்கு அண்ணனான ரவிதேஜா ஒருநாள் வீட்டிலிருந்த எல்லோருடைய போன்களையும் வாங்கி, செட்டிங்ஸுக்குள் போய் ஏதோ எண்களை அடித்துக் கொடுத்தபோது லாஸ்யாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ப்ராக்ஸின்னு பேருங்கம்மா," என்று அவன் தாய் வெங்கடம்மாளுக்கு விளக்கினான். "நீங்க கேக்கறது நேரா வெளிய போகாது. நம்ம கடை சர்வருக்கு வந்து அங்கிருந்து போகும். விளம்பரம், கண்ட கண்ட குப்பை எல்லாம் அங்கயே கழிஞ்சுபோகும். வேணுங்கறது மட்டும் வெரசா வந்து சேரும்."

அவிநாசிக் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும். அன்று சாயங்காலமே வெங்கடம்மாளின் ராசிபலன் பக்கம் தொட்டவுடன் திறந்தது. ரவிதேஜாவின் மனைவி ஹரிதா பெருமையோடு எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

லாஸ்யா அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், வந்தாள். கணவன் ஆதர்ஷுக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவான். ஜெர்மன் கற்றுக்கொண்டால் ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைக்கும், பிறகு நீங்களும் வரலாம் என்று அவள்தான் அவனிடம் சொன்னாள். பரீட்சை தேறும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மத்தியானம் எல்லோரும் கண்ணயரும்போது அவள் அறைக்குள் போனை வைத்துக்கொண்டு வாயசைத்துப் படித்தாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்த ரவிதேஜா, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஜெர்மன் பாஷையெல்லாம் படிக்கறயாட்ட இருக்குது அம்மணி. நல்லதுதான். கொஞ்சம் ரசம் ஊத்து."

லாஸ்யாவின் கையில் கரண்டி நின்றது. வெங்கடம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு மரியாதை கூடிப்போனது. சமையலறையில் வேலைக்குப் போனால், "நீங்க எதுக்குங்க, வெளிநாடு போறவங்க," என்பாள் ஹரிதா. வாசலில் வந்த உறவுக்காரர்களிடம், "மகன் ஓசூர்ல, மருமக சீமைல. நாங்க தென்னைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருப்போமுங்க," என்பாள் வெங்கடம்மாள். குரலை யாரும் உயர்த்தவே இல்லை. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட லாஸ்யா தூங்கியிருப்பாள்.

அவளுக்குக் கோபமெல்லாம் ஆதர்ஷ் மேல் வந்தது. வேறு யாருக்கும் தெரியாதே.

"சத்தியமா நான் சொல்லலை," என்றான் அவன் போனில்.

"அப்ப சுவர் சொல்லுச்சுங்களா?"

"என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேனுங்க," என்று வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அவன் வந்தபோதும் முகம் கொடுக்கவில்லை. கட்டிலின் இரு ஓரங்களில் இருவரும் படுத்துக் கிடந்தார்கள்.

அனுபவச் சான்றிதழ் வாங்க அவள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. கூட வேலை பார்த்த ரம்ஷா இப்போது அங்கே இன்சூரன்ஸ் பிரிவில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். கோட்டைமேட்டுக்காரி, எதையும் நேராகப் பேசுகிறவள். விண்ணப்பத்தை லாஸ்யாவின் போனிலேயே நிரப்பிவிடலாம் என்று வாங்கிப் பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"நாலு கோடு காட்டுது. ஒரு பக்கமும் திறக்கலியே? ப்ராக்ஸி பதில் தரலைன்னு வருது. யாருடி உனக்கு ப்ராக்ஸி வச்சது?"

லாஸ்யா சொன்னாள். சொல்லும்போதே அன்று அவிநாசியில் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் கிடையாது என்பது ஞாபகம் வந்தது. ரவிதேஜாவின் கடை இருண்டு கிடக்கிறது. அதனால் இருபத்தைந்து மைலுக்கு அப்பால், கோயமுத்தூரில், தன் கையில் இருக்கும் போன் செத்துக் கிடக்கிறது.

ரம்ஷா போனை மேஜைமேல் வைத்தாள். "உள்ள என்ன படிச்சேங்கறது அவருக்குத் தெரியாது. ஆனா எந்தெந்தத் தளத்து வாசல்ல போய் நின்னேங்கறது முழுக்கத் தெரியும். வேகம் கெடச்சுதில்ல, அதுக்கு இதுதான் விலை."

பாவா, பாவா என்று தெலுங்கு முறையில் வாய் நிறையக் கூப்பிட்டு லாஸ்யா ரசம் ஊற்றிய மனிதன். அந்த ப்ராக்ஸி எண்களை உடனே அழித்துவிடச் சொன்னாள் ரம்ஷா. லாஸ்யா வேண்டாமென்று போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முதலில் உறுதியாகத் தெரிய வேண்டும்.

அடுத்து வந்த மத்தியானங்களில் அவள் ஜெர்மனைத் தொடவில்லை. கோயமுத்தூரில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் ஒரு தளத்தை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து மூடினாள். அப்படியொரு யோசனை அவளுக்கு இருந்ததே இல்லை. யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது வெங்கடம்மாள் ஆரம்பித்தாள். "தனிக்குடித்தனம் போறீங்களாமா? வாடகைக்கு ஊடு பாக்கறதாக் கேள்விப்பட்டேன்."

லாஸ்யா சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "யாருங்க அத்தம்மா சொன்னது?"

"யார் சொன்னா என்ன? இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"இல்லைங்க. எனக்கு ஊடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். போன்ல மட்டும்தான் அதைத் திறந்தேன். உங்க மகன் பாக்கறாரான்னு தெரிஞ்சுக்கத் திறந்தேன்." அவள் ரவிதேஜாவைப் பார்த்தாள். "பாத்துப்போட்டீங்க, பாவா."

ரவிதேஜா மோரை ஊற்றிக்கொண்டான். "சர்வர் வச்சிருக்கறவன் அதுல என்ன போகுது வருதுன்னு பாக்காம இருக்க முடியுமா? ஊட்டுப் பொம்பளைங்க எங்க போறாங்கன்னு தெரிஞ்சிருக்கறது குத்தமா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க."

"சொல்லியிருப்பே. புருசனையே வாயத் திறக்க உடாம வச்சிருக்கறவ நீ."

ஹரிதா எழுந்தாள். "ஊட்டுக்குப் பெரியவரைப் பாத்து இப்படித்தான் பேசுவாங்களா? மறைக்க ஒண்ணுமில்லைன்னா எதுக்கு இத்தனை பயம்?"

"எனக்கு மட்டும் வைக்கலைங்க அக்கா," என்றாள் லாஸ்யா. "உங்க போன்லயும் அதேதான் இருக்குது."

ஹரிதா திரும்பினாள். கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னோடதையும் பாக்கறீங்களா?"

அவன் மோரைக் குடித்தான்.

"ஏனுங்க, உங்களைத்தான் கேக்கறேன்."

"எல்லாருதும் ஒரே எடத்துக்குத்தானே வருது," என்றான் அவன்.

ஹரிதா மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று அந்த வீட்டில் அவளிடம்தான் கேட்டார்கள்.

"போன மாசம் ஒருநாள் சொன்னீங்களே," என்றாள். "நமக்குக் கொழந்தை இல்லாட்டிப் பரவால்ல கண்ணு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலஞ்சு ஒடம்பைக் கெடுத்துக்காதேன்னு. நான் அதைப்பத்தி உங்ககிட்ட வாயே திறக்கலை. அந்த ஆஸ்பத்திரியப் போன்ல மட்டும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சொல்லாமயே என் மனசு தெரியுது இந்த மனுசனுக்குன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி அழுதேன், சந்தோசத்துல."

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அங்க போனா உங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்கன்னு பயந்துதான் அப்படிச் சொன்னீங்க."

"ஹரிதா, உள்ள போ."

"போறேனுங்க." ஆனால் அவள் நகரவில்லை. தன் போனை எடுத்து, அவனைத் தாண்டி, லாஸ்யாவிடம் நீட்டினாள். அதுவரை அவளோடு ஒரு நல்ல வார்த்தை பேசியிராதவள். "இதை எடுத்துப்போடு."

லாஸ்யா அங்கேயே நின்று செட்டிங்ஸுக்குள் போய் அந்த எண்களை அழித்தாள். பிறகு தன் போனிலும் அழித்தாள். வெங்கடம்மாள் தன் போனை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டாள். "என்னுதைத் தொட வேண்டாமுங்க. எனக்கு ஓடற மாதிரி ஓடட்டும். என் மகன் பாத்தா எனக்கொண்ணும் கொறஞ்சுபோகாது."

ரவிதேஜா கையைக் கழுவிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். ஒருவரிடமும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

சனிக்கிழமை ஆதர்ஷ் வந்ததும் லாஸ்யா நடந்ததைச் சொன்னாள். உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள். "அண்ணன்கிட்ட நான் பேசறேன்," என்றான் அவன். பேசினான். வாசலில் இருவரும் நின்று பேசியது உள்ளே கேட்டது. பாதிக்குமேல் அண்ணன்தான் பேசினான். ஆதர்ஷ் திரும்பி வந்து, "அவரு மாற மாட்டாரு. நீ பரீட்சையை எழுது," என்றான். அவனால் அவ்வளவுதான் முடிந்தது. அதுவே போதுமென்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் பக்கங்கள் மறுபடி நத்தையாய் ஊர்ந்தன. லாஸ்யா மத்தியானங்களில் கிணற்று மேட்டுக்குப் போய், வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு படித்தாள். வாக்கியங்கள் பாதியில் அறுந்து அறுந்து வந்தன. வெங்கடம்மாள் அவளோடு பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தாள்.

ஒரு காலையில் ஹரிதா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ரவிதேஜா பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"கோயமுத்தூர் போறேனுங்க. லாஸ்யாவும் கூட வாரா."

"எங்க?"

"எந்த ஆஸ்பத்திரின்னு உங்களுக்குத்தான் தெரியுமே," என்றாள் ஹரிதா. "டாக்டர் உங்களையும் வரச் சொன்னா, வந்து சொல்றேன்."

அவன் பேப்பரை இறக்கவில்லை. இரண்டு பெண்களும் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தென்னைகளுக்கு நடுவே வேகமாக மேடேறிப் போனார்கள்.